ஒன்பதில் ஐந்து பங்கு

2024 கோடையில் தூத்துக்குடி பிரையண்ட் நகரில் இருந்த எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தரகர் ஒருவர் வந்தார். மூன்று சென்டில் நாற்பது வருடப் பழைய வீடு. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு அண்ணன்களும் வெளியூரில் இருந்தார்கள். விற்றுவிடலாம் என்று முடிவாகியிருந்தது. தரகர் மாடிக்குப் போய் இறங்கி வந்து, பெரிய அண்ணனிடம் செய்ய வேண்டிய வேலைகளை விரல் விட்டு எண்ணினார். வெளிச்சுவருக்குப் பெயின்ட். அடுப்படியை மாற்ற வேண்டும். முன்னறையில் கிடக்கும் தையல் மிஷினைத் தூக்க வேண்டும். முற்றத்துக் கொடியை அவிழ்க்க வேண்டும். மாதா படம் வைத்த பீடத்தைக் கழற்ற வேண்டும். "எந்த மதத்துக்காரங்களும் வருவாங்க அண்ணாச்சி, வீடு பொதுவா இருக்கணும்" என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார்: "வீடு பாக்க ஆள் வரும்போது அம்மா மட்டும் கொஞ்சம் உள்ளாற இருக்கட்டும். சில பேரு சகுனம் பாப்பாங்க."

அண்ணன் தலையாட்டினான். அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருப்பாள். நான் கூடத்தில்தான் நின்றேன், நானும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு பல நாள் அந்தப் பட்டியலை ஒரு பிரதியை வாசிப்பதுபோல மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். தையல் மிஷின், கொடி, அடுப்படி, பீடம், அம்மா. நீக்கச் சொன்னவை அத்தனையும் ஒரே ஆளோடு சேர்ந்தவை. அப்பா கட்டிய கார் ஷெட்டையோ, அண்ணன் போட்ட இரும்பு கேட்டையோ தரகர் குறை சொல்லவில்லை. அவை வீட்டின் மதிப்பில் சேரும். அம்மா நாற்பது வருடம் புழங்கிய தடங்கள்தான் மதிப்பைக் குறைக்கின்றனவாம். அவற்றை அழிக்கும் வேலையும் அவளுக்கும் எனக்கும்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் 1970களிலிருந்து 'ஹோம் ஸ்டேஜிங்' என்று இதைத் தனித் தொழிலாகவே செய்கிறார்கள். குடும்பப் படங்களை எடுத்துவிடு, பொருள்களைக் குறை, வாங்க வருகிறவர் தன்னை அங்கே குடியிருப்பவராகக் கற்பனை செய்ய இடம் கொடு என்பது அதன் பாடம். நம் ஊரில் அதற்குப் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. 'வீட்டைக் கொஞ்சம் ஒதுங்க வையுங்க' என்ற ஒரு வாக்கியத்தில் அது வீட்டுப் பெண்களின் தலையில் இறங்கிவிடுகிறது.

அந்த ஆண்டு ஊரில் வீட்டு மனைப் பேச்சு சூடாக இருந்தது. பிப்ரவரி 25 அன்று சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மூன்று நாள் கழித்துக் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல். விலை ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வாங்குகிறவர்களுக்கும் நிறைய வாய்ப்பு இருந்தது. பாளையங்கோட்டை சாலைப் பக்கம் புதுப்புது மனைப்பிரிவுகள், வங்கிக் கடனோடு வரும் புது வீடுகள். இவற்றோடு போட்டி போட வேண்டுமானால், பழைய வீட்டில் யாரும் வாழ்ந்த சாயல் இருக்கக் கூடாது.

முதலில் அடுப்படிக்குக் கை வைத்தார்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தவர்களுக்கு அந்த அறை தெரிந்திருக்கும். பெரிய வீட்டில் வெளிச்சமில்லாத மூலையில் ஒடுங்கிய சமையலறை. எங்கள் வீட்டு அடுப்படியும் அதன் தங்கைதான். கிரானைட் மேடை வேண்டும், புகை போக ஒரு விசிறி வேண்டும் என்று அம்மா இருபது வருடம் கேட்டாள். 'அடுத்த வருசம் பாக்கலாம்' என்ற பதிலே வந்தது. விற்பது என்று முடிவான மாதத்தில் இரண்டே வாரத்தில் கிரானைட் வந்தது, சிம்னி வந்தது, மரக்கதவு போட்ட அலமாரிகள் வந்தன. அம்மா அந்தச் சிம்னியின் கீழ் சமைத்தது ஐந்து வாரம். "இப்பத்தான் வீடு நல்லாருக்கு, இப்ப விக்கிறாங்க பாரு" என்றாள். வாழ்கிற பெண்ணின் வசதி செலவுக் கணக்கில் வருகிறது. வாங்க வரும் பெண்ணின் கண்ணுக்கு அதே வசதியைக் காட்டினால் அது முதலீடாகிவிடுகிறது. சமையலறைக்காக இவ்வளவு பணம் எங்கள் வீட்டில் அதற்கு முன் செலவானதே இல்லை.

அடுத்தது சுவர். பரணுக்குக் கீழே, அலமாரியை ஒட்டிய சுவரில் அம்மா பென்சிலால் கணக்கு எழுதி வைத்திருந்தாள். பால் கணக்கு, சீட்டுக் கட்டிய மாதம், சிலிண்டர் வந்த தேதி, குடிதண்ணீர் விட்ட நாள், யார் யார் ஜாக்கெட் தைத்த கூலி பாக்கி என்று வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசை நிரம்பினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலே எழுதுவாள். துடைத்த இடத்திலும் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். எங்கள் பள்ளிக் கட்டணத்தின் கணக்கும் அதற்குள் எங்கேயோ இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சம்பளச் சீட்டு உண்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு உண்டு. அம்மாவின் நாற்பது வருட வரவு செலவுக்கு இருந்த ஒரே பதிவேடு அந்தச் சுவர்தான். அதன் மேல் பட்டி பூசியது நான். பெயின்டர் வர இரண்டு நாள் ஆகும் என்றதும் நானே தகட்டை எடுத்துத் தேய்த்தேன். செல்போன் பையில்தான் இருந்தது. ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான்.

கூடத்துச் சுவரில் இன்னொரு கோடு இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் கூடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு தங்கியது. உப்புக்காற்று ஊர் ஆகையால் அந்தக் கோட்டுக்குக் கீழே சுவர் பொரிந்து உதிர ஆரம்பித்தது. பட்டி, பிரைமர், அதன் மேல் இரண்டு கோட்டிங் வெளிர் மஞ்சள் அடித்ததும் அந்த மழையே பெய்யாததுபோல ஆனது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். தரகர்களின் பட்டியலில் அந்தச் சட்டம் இருப்பதில்லை.

பெயின்ட் வேலை முடிந்ததும் விளம்பரம் எழுதினார்கள். கிழக்குப் பார்த்த வாசல், மூன்று சென்ட், போர் தண்ணீர், கார் நிறுத்தும் வசதி, வாஸ்துப்படி அமைந்தது, தெளிவான பத்திரம். அதில் வீடு தானாக முளைத்து நிற்கிறது. கட்டியவர் இல்லை, கூட்டியவர் இல்லை. தளம் போடப் பணம் போதாமல் அம்மாவின் பதினொரு பவுன் அடகுக்குப் போனதும், அது திரும்பி வராததும் விளம்பரத்தில் எப்படி இருக்கும்? ஆனால் நம் வீட்டுப் பத்திரங்களிலும் அது இருப்பதில்லை. மனை அப்பா பெயரில் வாங்கப்பட்டது. பட்டா அவர் பெயரில். மின் இணைப்பும் தீர்வை ரசீதும் அவர் பெயரில். நகை தளமாக மாறிய கணத்தில் அது அம்மாவுடையது என்ற அடையாளத்தை இழந்தது. சீதனம் வீட்டுக்குள் இறங்கி மறையும் வழி இதுதான்.

'தெளிவான பத்திரம்' என்று போட்டிருந்தார்களே, அதைத் தெளிவாக்கும் வேலையில்தான் என் பெயர் முதன்முதலாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அண்ணன் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொண்டுவந்தான். அதன் தலைப்பு: விடுதலைப் பத்திரம். அம்மாவும் நானும் எங்கள் பாகத்தை அண்ணன்களுக்கு விடுதலை செய்துகொடுக்க வேண்டும். பிறகு அவர்கள் இருவர் மட்டும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். "வாங்குறவனுக்கு ரெண்டு கையெழுத்துன்னா சுளுவு. ஒனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றான்.

பெண் விடுதலை என்று நாம் எத்தனை மேடைகளில், எத்தனை நூல்களில் எழுதியிருக்கிறோம். பதிவு அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருளும் உண்டு. ஒரு பெண் தன் உரிமையிலிருந்து சொத்தை விடுவித்துத் தருவது. அந்தத் தாளை நான் நிதானமாகப் படித்தேன். 'இன்னாரின் மனைவி' என்று என்னை அறிமுகப்படுத்தியிருந்தது, விற்கப்படுவது என் அப்பாவின் வீடாக இருந்தாலும். 'மனப்பூர்வமாகவும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும்' எழுதிக்கொடுப்பதாக இருந்தது. தூண்டியவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். 'இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று முடிந்திருந்தது. என் மகளின் பங்கையும் சேர்த்து நானே எழுதிக்கொடுக்க வேண்டும். சொத்து விவரத்தில் செக்குபந்தி நான்கு திசைக்கும் இருந்தது. கதவு, நிலை, ஜன்னல், போர், மோட்டார், மின் இணைப்பு எல்லாம் எண்ணப்பட்டிருந்தன. எண்ண வேண்டிய இன்னொன்று மட்டும் இல்லை. நான் விடுவது எவ்வளவு என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதை நான் எண்ணினேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்து 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சமுள்ளது பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது. மொத்தத்தை ஒன்பதாகப் போட்டால் அம்மாவுக்கு மூன்று. எங்கள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு. அம்மாவும் நானும் சேர்ந்தால் ஒன்பதில் ஐந்து. அந்த வீட்டில் பாதிக்கு மேல் பெண்களுடையது. சகுனத்துக்காக உள்ளறையில் உட்காரச் சொல்லப்பட்டவள்தான் இருப்பதிலேயே பெரிய பங்குக்காரி. ஐந்து பங்கு நாலு பங்கிடம் சலுகை கேட்டுக்கொண்டிருந்தது.

மற்ற பெண்களுக்கு இந்தச் சட்டம் வந்த வழி நீண்டது. பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அப்போதும் அதற்கு முன் மணமானவர்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்தது. கேரளத்தில் மேரி ராய் வழக்காடி 1986இல் தீர்ப்புப் பெறும்வரை, பழைய திருவிதாங்கூர் பகுதியின் சிரியன் கிறிஸ்தவ மகள்களுக்கும் சமபங்கு இல்லை. இந்தப் போராட்டங்களை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் கரையின் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சமபங்கு சட்டத்தில் எப்போதோ இருந்தது. என் அத்தைமார், பெரியம்மாமார் யாரும் அதை வாங்கியதில்லை. சட்டம் இல்லாததால் பறிபோனது என்று நாங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. சட்டம் இருந்தது, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே என்ற வாக்கியமும் இருந்தது. இரண்டாவதே ஜெயித்தது.

அந்த வாக்கியம் ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது? பேராசை என்று அண்ணன்மேல் பழியைப் போட்டு முடித்துவிடலாம். அப்படி முடித்தால் என் அம்மாவின் பயம் புரியாது. அன்று இரவு அவள் என்னிடம் சொன்னது இது: "ஏட்டி, போட்டுக் குடுத்துரு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க அண்ணன்மார் வேணும்லா? பெறந்த வீட்டு வாசலு அடஞ்சிரக் கூடாது."

எங்கள் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. ஆனால் கதைகள் நிற்கவில்லை. குளிக்கிறவன் மூச்சடக்கிக் கீழே இருக்கும்போது, மேலே படகில் கயிற்றைப் பிடிப்பவன் அவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற பயத்தில் அவன் கை நழுவ விடமாட்டானாம். சிறுவயதில் இதைப் பாசத்தின் கதையாகக் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. அந்தப் படகில் அவள் இல்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவே ஜாமீனாகக் கரையில் இருக்கிறாள். கயிறு அவள் பெயரால் பிடிக்கப்படுகிறது, அவள் கையில் இல்லை. அம்மாவின் பயம் அந்தக் கயிற்றைப் பற்றியது. பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றிய நூலில், சகோதரர்களின் ஆதரவை இழக்காமலிருக்கவே பல பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். அதனால் விட்டுக்கொடுக்கிற பெண்ணை அறியாமை என்றோ, அடிமைப் புத்தி என்றோ சொல்லிவிட முடியாது. அது காப்பீட்டுத் தவணை மாதிரி. ஆனால் தவணையைக் கட்டியபின் காப்பீடு வருமா என்று எந்தப் பத்திரத்திலும் எழுதித் தருவதில்லை.

வேறு மாதிரி இருக்க முடியாதா என்று கேட்டால், திருச்செந்தூர் சாலையில் தெற்கே போய்க் காயல்பட்டினத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடும் 'முடுக்கு' என்ற சந்துகள் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையிலும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் மகளுக்கே வீட்டைக் கொடுக்கின்றன. இதை நான் சொர்க்கமாகக் காட்ட வரவில்லை. மகளுக்கு வீடு கட்ட முடியாத தகப்பனுக்கு அது பெரிய சுமை. வீடு இருந்தால்தான் கல்யாணம் என்றால் அதுவும் வரதட்சணையின் இன்னொரு முகம். வீடு அவள் பெயரில் இருக்க, அதைப் பற்றிய முடிவுகளை ஆண்கள் எடுப்பதும் நடக்கும். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கணவன் இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் யாருடைய தயவிலும் இல்லை. அதை விற்க வேண்டுமானால், அவளை உள்ளறையில் உட்கார வைக்க முடியாது. அவள்தான் விற்பவள்.

நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. வாரிசுகள் நால்வரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாக வர வேண்டும், அவரவர் பங்கு அவரவர் பெயரில் தனித்தனி வரைவோலையாக வேண்டும் என்றேன். பெரிய அண்ணன் எழுந்து போய்விட்டான். மதினி போனில், "நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நெனைக்கல" என்றாள். அவளுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு, அங்கே அவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். அவள் கோபத்தில் அந்தக் கணக்கும் இருந்திருக்கும். இரண்டு மாதம் பேச்சு நின்றது. அந்த இரண்டு மாதமும் அம்மா என்னிடமும் சரியாகப் பேசவில்லை. உரிமையைக் கேட்பதன் விலையைக் கேட்கிறவள் மட்டும் கொடுப்பதில்லை, அவள் அம்மாவும் சேர்ந்து கொடுக்கிறாள். இதைச் சொல்லாமல் 'பங்கைக் கேளுங்கள்' என்று மாணவிகளுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை.

இதற்கு நடுவே வீடு பார்க்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு தம்பதி மூன்றாவது தடவையாக வந்தபோது அம்மா உள்ளறையிலிருந்து தானாக வெளியே வந்தாள். கணவர் மாடியில் தரகரோடு தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அடுப்படியில் நின்று சிம்னியைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா, அந்த மழையில தண்ணி உள்ள வந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "வந்துச்சும்மா. முழங்காலுக்கு மேல நின்னுச்சு. மூணு நாளு. அரிசி மூட்டைய பரண்ல ஏத்துனோம். நீ வாங்குனா தரைய ஒரு அடி ஏத்திக்கோ. பிளக் பாயின்ட்ட எல்லாம் மேல வச்சிக்கோ."

விலையில் கொஞ்சம் குறைந்தது. அண்ணன்கள் அதற்கும் என்னைத்தான் காரணம் சொன்னார்கள். ஆனால் அவர்கள்தான் வாங்கினார்கள். யார் பெயரில் என்று நான் கேட்டேன். கணவர் பெயரில். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்ற அரசு அறிவிப்பு 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் பத்து லட்ச ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான். எங்கள் வீடு போன்ற எதுவும் அந்த வரம்புக்குள் வராது.

பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மாவின் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கையெழுத்து, விரல் ரேகை, கேமரா. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தாள். அவள் பெயரில் வரைவோலை வந்தது அதுவே முதல் தடவை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். இப்போது அவள் மாதா கோவில் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். தையல் மிஷின் முன்னறையில் இருக்கிறது. வாடகையை வட்டியிலிருந்து கட்டுகிறாள். சின்ன அண்ணன் போன் பேசுகிறான். பெரிய அண்ணன் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனான், என் வீட்டுக்கு வரவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது, அம்மாவின் நகை அதில் எந்த வரியில் மறைந்திருக்கிறது என்று கேளுங்கள். விடுதலை என்ற தலைப்பில் ஒரு தாளை யாராவது உங்கள் முன் நீட்டினால், எவ்வளவு என்பதைப் பின்னத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. விட்டுக்கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்ன விட்டுக்கொடுத்தோம் என்று தெரியாமலே விட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களின் கணக்கு எந்தச் சுவரிலும் இல்லை.